நவம்பர் கையெழுத்து

அவர் உட்கார்ந்து டிக்டேஷன் கொடுத்து நான் பார்த்ததில்லை. நடந்துகொண்டேதான் சொல்வார். அறைக்குள் நடப்பார், அறை போதாமல் தாழ்வாரத்துக்குப் போவார், தாழ்வாரமும் போதாமல் மாடிப்படி இறங்கித் தெருவுக்கே வந்துவிடுவார். ஷார்ட்ஹேண்ட் நோட்டைப் பிடித்துக்கொண்டு நான் பின்னாலேயே ஓட வேண்டும். காளிகாட் சந்துகளில் கோயிலுக்குப் போகிற கூட்டம், செம்பருத்தி மாலை விற்கிறவர்கள், கைரிக்‌ஷாக்கள். நடுவில் தொழிலாளர் காப்பீடு பற்றி ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லிக்கொண்டே போகிற ஒரு எம்.பி., பின்னால் புடவைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி நான். டிராமில் ஏறினால் டிராமிலும் தொடரும். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"தாதா, அந்த நாற்காலி உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணியது?"

அவர் நின்று யோசித்தார். "உட்கார்ந்தால் எனக்குத் தூக்கம் வருகிறது, மா. நான் தூங்கினால் மில் முதலாளிகளுக்குக் கொண்டாட்டம்" என்று சொல்லிவிட்டு மறுபடி நடந்தார்.

தாதா என்றால் வங்காளத்தில் அண்ணன். தொழிலாளர்கள் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள், நானும் அதையே பிடித்துக்கொண்டேன். மகள் வயதுப் பெண்ணை அங்கே 'மா' என்பார்கள், அவரும் என்னை அப்படியே கூப்பிட்டார். அறுபதுகளின் கடைசியில், கல்யாணமான புதிதில், நான் அவருடைய காளிகாட் அலுவலகத்தில் ஸ்டெனோவாகச் சேர்ந்தேன். கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவள். என் அப்பாவும் டைப்பிஸ்ட்தான். லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் பையனோ பெண்ணோ, ஸ்கூல் முடித்தால் நேரே டைப்ரைட்டிங் கிளாஸ்தான், வேறு யோசனையே கிடையாது. தாதாவுக்கும் எனக்கும் பொருந்திப்போன ஒரே குணம் பொறுமை இல்லாததுதான். மூக்குக்கு மேல் கோபம் வரும் எனக்கு. அவருக்கும் வரும். இரண்டு பேரும் கத்திக்கொண்டால் கீழே டீக்கடைக்காரர் ரேடியோ சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்பார்.

அவர் சணல் மில்களில் யூனியன் கட்டி மேலே வந்தவர். எந்திரத்தில் கை போன ஒருவனுக்கு மில்லில் ஒரு வேட்டியும் கொஞ்சம் அரிசியும் கொடுத்து, புண்ணியம் செய்துவிட்ட முகத்தோடு அனுப்பி வைத்ததைச் சின்ன வயதில் பார்த்தாராம். அந்த அரிசிதான் தன்னை அரசியலுக்கு இழுத்து வந்தது என்பார். பிறகு எந்த மேடையில் ஏறினாலும், எதைப் பற்றிப் பேச்சைத் தொடங்கினாலும், ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் முடிப்பார். "தயா நய், ஹக்." தயவு இல்லை, உரிமை. கூட்டம் அதைத் திருப்பிச் சொல்லும். நூறு தடவை கேட்டு எனக்கு அலுத்துப்போய்விட்டது. வேறு ஏதாவது சொல்லுங்களேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். வேறு என்ன இருக்கிறது என்று கேட்டார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அவரைத் தில்லியில் துணை அமைச்சராக்கினார்கள். தொழிலாளர் துறை. வாரக் கடைசியில் கல்கத்தாவுக்கு ஓடி வருவார். ஊரே அப்போது அடங்காமல் கிடந்தது. ஒருநாள் பந்த், ஒருநாள் மிச்சில் என்று ஊர்வலம், ஒருநாள் எங்கேயோ குண்டு வெடித்து டிராம் நின்றுவிடும். அதற்கு நடுவில் அவர் தலைக்குள் ஒரே விஷயம்தான் ஓடிக்கொண்டிருந்தது. சர்க்கார் குமாஸ்தா செத்தால் அவன் மனைவிக்கு மாதாமாதம் பணம் வருகிறது, தறி ஓட்டுகிறவன் செத்தால் அவன் மனைவிக்கு என்ன வருகிறது? தொழிற்சாலைக்காரர்களுக்கும் குடும்ப ஓய்வூதியம் வேண்டும் என்று எல்லோரையும் அரித்து எடுத்தார். அது முடிகிற காரியம் இல்லை என்று பெரிய பெரிய படிப்பாளிகள் எழுதி அனுப்புவார்கள். அதைப் படித்துக்கொண்டே தெருவில் நடந்து மாட்டின் மேல் மோதிக்கொள்வார். கடைசியில் திட்டம் வந்தேவிட்டது.

அதை விளக்கி அவர் பேச வேண்டிய பேச்சை நான்தான் எழுதிக்கொண்டேன், டிராமில் நின்றபடி. விதவைக்கு இந்தப் பணம் அவள் இறக்கும்வரை அல்லது மறுமணம் செய்துகொள்ளும்வரை கிடைக்கும், இரண்டில் எது முந்தியோ அதுவரை. எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது. சாவும் கல்யாணமும் ஒன்று என்று சர்க்காரே ஒத்துக்கொண்டுவிட்டதே என்று வீட்டுக்குப் போய் என் கணவரிடம் சொன்னேன். அவர் ஹவுரா பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பார்த்தவர், திருநெல்வேலிக்காரர்.

"நீங்க போயிட்டா எனக்கு ரெண்டே வழிதான், தெரியுமா?"

"மூணாவதா ஒண்ணு இருக்குல்லா" என்றார், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே. "நான் போவாம இருக்கது."

போய்விட்டார். கொஞ்ச காலம் கழித்து ஒரு மழைக்காலத்தில் மஞ்சள்காமாலை வந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்து, தேறிவிடுவார் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார். எங்களுக்குக் குழந்தை இல்லை. அவருடைய அம்மா, என் அத்தை, எங்களோடுதான் இருந்தாள். அவளுக்கு இருந்தது அந்த ஒரே பிள்ளை. திருநெல்வேலியில் வீடு வாசல் ஒன்றும் மிச்சமில்லை. வங்காள மொழியில் அவளுக்குத் தெரிந்தது 'கத்தோ', 'பேஷி' என்ற இரண்டே வார்த்தை. எவ்வளவு என்று கேட்கவும், அதிகம் என்று சண்டை போடவும். லேக் மார்க்கெட்டில் காலம் தள்ள அது தாராளமாகப் போதும்.

நான் சிரித்துக்கொண்டே எழுதிய திட்டத்தில் எனக்கே பணம் வரத் தொடங்கியது. மாதம் பிறந்ததும் போஸ்ட் ஆபீசில் வாங்கி வந்து அத்தை கையில் கொடுப்பேன். அவள் அதைப் பிள்ளையின் படத்துக்குக் கீழே கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடுவாள். ஒருநாளும் அவள் பென்ஷன் என்று சொன்னதில்லை. 'எம்புள்ள பணம் வந்துட்டா?' என்றுதான் கேட்பாள். என் சம்பளத்தை நீட்டினால் கையைப் பின்னால் இழுத்துக்கொள்வாள். "அது ஒன் காசு. நீயே வச்சுக்க. நான் எம்புள்ள காசுல இருக்கேன்" என்பாள். டப்பாவிலிருந்து வீட்டு வாடகையில் ஒரு பங்கை எனக்கு எடுத்துக் கொடுப்பாள். காப்பிப் பொடி, வெற்றிலை, விபூதி எல்லாம் அவள் செலவு. கடைத்தெருவில் யாராவது எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், "எனக்கென்ன, எம்புள்ள அனுப்புதான்" என்பாள். கேட்டவர்கள் ஊருக்குப் புதிதாக இருந்தால் பிள்ளை பம்பாயில் இருக்கிறான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போவார்கள். நான் திருத்தியதில்லை.

வீட்டில் அதிகாரமும் அப்படித்தான். குழம்பில் புளி ஏறிப்போனது, வேலைக்காரப் பெண்ணுக்கு இத்தனை பழைய புடவை எதற்குக் கொடுத்தாய், விளக்கை எதற்கு எரிய விடுகிறாய் என்று நாள் முழுக்கக் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நானும் திருப்பிக் கொடுப்பேன். இரண்டு பேருக்கும் வாய் நீளம். பக்கத்து வீட்டு வங்காளி மாஷிமா நாங்கள் தினமும் அடித்துக்கொள்கிறோம் என்றே நம்பினாள். நாங்கள் பேசிக்கொண்டதே அப்படித்தான்.

இந்தப் பணத்துக்கு வருஷா வருஷம் நவம்பரில் ஒரு சடங்கு உண்டு. உயிரோடுதான் இருக்கிறேன் என்று ஒரு சான்று. மறுமணம் செய்துகொள்ளவில்லை என்று இன்னொரு சான்று. தகுதி உள்ள ஒருவர் அதில் கையெழுத்துப் போட வேண்டும், எம்.பி. போடலாம். அதனால் நவம்பர் வந்தால் எங்கள் மாடிப்படி முழுக்க வெள்ளைப் புடவைதான். மில் லைன் வீடுகளிலிருந்து வருவார்கள், பீகாரிப் பெண்கள், ஒரியாப் பெண்கள், தெலுங்குப் பெண்கள். தாதா அந்த நாட்களில் யாரோடும் அதிகம் பேசமாட்டார். பெண்டாட்டி செத்த எவனையாவது யாராவது இப்படி வந்து நிற்கச் சொல்கிறார்களா என்று என்னிடம் எரிந்து விழுவார், ஏதோ நான்தான் சட்டம் போட்ட மாதிரி.

முதல் வருஷம் என் தாளை மற்றவர்களுடையதோடு அடுக்கி வைத்தேன். எடுத்துப் பார்த்தவர் பேனாவை மூடிவிட்டு ஜன்னல் பக்கம் போய்விட்டார். வெகுநேரம் கழித்து வந்து போட்டார். தலை நிமிரவில்லை.

கையெழுத்தைக் கொண்டுபோன பென்ஷன் ஆபீசில் வேறு ரகளை. அங்கே இருந்த குமாஸ்தா என் நெற்றியைப் பார்த்துவிட்டுத் தாளைத் தள்ளினான். நான் பொட்டு வைப்பதை நிறுத்தவில்லை. பொட்டு பிறந்த வீட்டுச் சொத்து, அதை எதற்கு அழிக்கிறாய் என்று அத்தையே சொல்லிவிட்டாள். ஆனால் அவன் ஊரில் விதவை நெற்றியில் எதுவும் இருக்காது. பொட்டு இருக்கிறது, அப்படியானால் கல்யாணம் ஆகிவிட்டது என்று அவன் தீர்மானித்துவிட்டான். பக்கத்து மேஜைக்காரன் எழுந்து வந்து என் வகிட்டைப் பார்த்தான். சிந்தூர் இல்லையே, கையில் சங்கு வளையலும் இல்லையே, ஆகவில்லை என்றான். இரண்டு பேரும் என் தலையை வைத்துக்கொண்டு வாதாடினார்கள். எனக்கு வந்த கோபத்தில் அவர்கள் மேஜையிலிருந்த போனையே எடுத்துத் தாதாவைக் கூப்பிட்டேன். அவர் குமாஸ்தாவிடம் என்ன சொன்னாரோ, அவன் ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றான். "நெற்றியைப் பார்க்கச் சொல்லி எந்த விதியில் இருக்கிறது?" என்பது மட்டும் எனக்கே கேட்டது. அன்றே வேலை முடிந்தது.

இன்னொரு நவம்பரில் ஒரு மில் பெண் வந்தாள். வரும் வழியில் சிந்தூரை அவசரமாகத் துடைத்திருக்கிறாள், வகிடு முழுக்க இளஞ்சிவப்பாக இழுபட்டுக் கிடந்தது. தாதா பார்த்தார். நான் பார்த்தேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். அவள் போனதும், "உங்களுக்குத் தெரியும்" என்றேன்.

"எனக்குக் கண் அவ்வளவாகத் தெரிவதில்லை, மா" என்றார். கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்கிற மனிதர். பிறகு வெகுநேரம் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். "அவள் சேர்ந்து வாழ்ந்தால் பணம் வரும், மாலை மாற்றிக்கொண்டால் நின்றுவிடும். இதை நான்தான் கொண்டுவந்தேன். என்னைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்."

அந்த மாடிப்படி வழியாகத்தான் டிராஃப்ட்ஸ்மேனும் வந்தார். ஒரு எஞ்சினியரிங் கம்பெனியில் படம் வரைகிற வேலை, லேக் மார்க்கெட்டில் தமிழ் மெஸ்ஸில் சாப்பாடு. அவர்கள் கம்பெனி யூனியனின் மனுவை டைப் அடித்து வாங்க வந்தவர், அதில் ஒரு கமா தவறு என்று திருப்பி எடுத்து வந்தார். நான் தமிழ்ப் பெண் என்று தெரிந்துதான் அந்தக் கமாவைக் கண்டுபிடித்தாராம், பிற்பாடு சொன்னார். பேர் சொல்லிக் கூப்பிட அப்போது வாய் வரவில்லை, டிராஃப்ட்ஸ்மேன் என்றே கூப்பிட்டேன். அதுவே நின்றுவிட்டது. சாயங்காலங்களில் ஏரிக்கரையில் நடந்தோம். மூன்றாவது தடவையிலேயே கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டுவிட்டார். எனக்கு ஆசை இருந்தது. ரொம்பவே இருந்தது. அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம், முப்பது வயதுகூட ஆகவில்லை. ஆனால் டப்பா கண் முன்னால் வந்து நின்றது.

பணம் என் பேரில் வருகிறது. நான் கல்யாணம் செய்துகொண்டால் நின்றுபோகும். விதவை போனால் அடுத்தது பிள்ளைகளுக்கு. பெற்ற தாய்க்கு அந்தத் திட்டத்தில் இடமே இல்லை.

"அத்தை நம்மகூடத்தானே இருக்கப் போறாங்க? ரெண்டு சம்பளம் வருது. ஒரு வாய் சோறு பெரிசா?" என்றார் டிராஃப்ட்ஸ்மேன்.

"உங்களுக்குப் புரியல. அவங்க எங்கிட்ட ஒரு வாய் சோறு வாங்கறதில்ல. அவங்க பிள்ளை போடறான், அவங்க சாப்பிடறாங்க."

"அப்ப பதிவு பண்ண வேணாம். கோயில்ல தாலி கட்டிடறேன். இந்த ஊர்ல யாருக்குத் தெரியப் போவுது? நீ வகிட்டுல சிந்தூரா வைக்கப் போற? நம்ம தாலியப் புடவைக்குள்ள போட்டுட்டா வங்காளிக்கு நீ என்னைக்கும் விதவைதான்."

அவர் சொன்னது நிஜம். அந்தக் குமாஸ்தாக்கள் ஆயுள் முழுக்க என் வகிட்டைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார்கள். ஆனால் நவம்பரில் நான் தாதா முன்னால் அந்தத் தாளை நீட்ட வேண்டும். மில் பெண்ணுக்காகக் கண் தெரியாமல் போனவர் எனக்காகவும் குருடராக வேண்டும். போய்யா நீயும் உன் யோசனையும் என்று ஏரிக்கரையில் அவரை விட்டுவிட்டுத் தனியாக பஸ் ஏறினேன். அப்படி எத்தனையோ தடவை ஏறினேன். மனிதர் சளைக்கவில்லை. நான்தான் ராத்திரி தூக்கமும் இல்லாமல், பகலில் டைப்ரைட்டரில் எழுத்தை எழுத்து மேல் அடித்துக்கொண்டு, எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டு அலைந்தேன்.

கடைசியில் தாதாவிடமே போய் நின்றேன். விஷயத்தைச் சொன்னேன். "அந்த வரியை எடுத்துவிடுங்கள்" என்றேன், ஏதோ கடிதத்தில் ஒரு வரி மாதிரி.

"எடுக்கப் பார்த்தேன், மா. இரண்டு புருஷனுக்குச் சம்பளம் கொடுக்கச் சொல்கிறாயா என்று கமிட்டியில் சிரித்தார்கள். சரி, அவள் போனால் பெற்றவர்களுக்காவது கொடுங்கள் என்றேன். பிறகு பார்க்கலாம் என்றார்கள். நான் இரண்டையும் விட்டுக் கொடுத்துத்தான் மிச்சத்தை வாங்கினேன்."

"விட்டுக் கொடுத்தது உங்கள் வீட்டுப் பணமா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ. ஆனால் கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. தாய் தகப்பனைச் சேர்த்தே தீருவேன் என்றார். அன்றே ஒரு குறிப்பு சொல்லத் தொடங்கினார், எழுதிக்கொண்டே காளிகாட்டிலிருந்து டிராம் டெப்போவரை நடந்தேன். அது தில்லிக்குப் போனது. பதில் வந்தது, அதற்குப் பதில் போனது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் முகத்தைப் பார்ப்பேன். இன்னும் கொஞ்சம் பொறு, மா, என்பார். இதற்குள் தேர்தல் வந்தது. அவர் கட்சி தோற்றது, அவரும் தோற்றார். அவர் எழுதிய குறிப்பு யாருடைய மேஜையிலோ தங்கிவிட்டது.

அந்த நவம்பரிலும் பெண்கள் மாடிப்படியில் வந்து உட்கார்ந்தார்கள். நான் இப்போது எம்.பி. இல்லை, என் கையெழுத்து செல்லாது என்று அவர் ஒவ்வொருத்தியிடமும் சொல்லிப் பார்த்தார். அவர்கள் போகவில்லை. வேறு ஒருவரிடம் நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று மொத்தக் கூட்டத்தையும் அழைத்துக்கொண்டு தெருவில் முன்னால் நடந்தார். ஆட்டம் கண்ட மனிதர் மாதிரி தெரியவில்லை. என் தாள் என் பைக்குள்ளேயே இருந்தது. அதை வேறு யாரோ ஒருவரிடம் நீட்ட எனக்குப் பிடிக்கவில்லை. இனி யாருக்காகவும் காத்திருப்பதில்லை என்று அன்று முடிவு செய்தேன்.

அத்தையிடம் சுற்றி வளைக்காமல் சொன்னேன். கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன், உங்கள் பிள்ளை பணம் நின்றுபோகும், நீங்கள் எங்களோடுதான் இருப்பீர்கள். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கடைசித் தண்டுவரை ஆய்ந்து முடித்தாள். அன்று முழுக்கப் பேசவில்லை, சண்டைகூடப் போடவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மறுநாள் காலையில், "அந்தத் தம்பியைக் கூட்டிட்டு வா" என்றாள்.

டிராஃப்ட்ஸ்மேன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் ரசகுல்லாப் பானையோடு வந்தார். பாவம், பயந்துபோயிருந்தார். அத்தை அவருக்கு நாற்காலி போட்டு, தான் தரையில் உட்கார்ந்தாள்.

"தம்பி, இவ சின்னப் பொண்ணு. நல்லா இருக்கட்டும். அதுல எனக்கு ஒரு மனத்தாங்கலும் கெடையாது. நீங்க ரெண்டு பேரும் எனக்குச் சோறு போடுவிய, அதுவும் தெரியும். நான் சோத்துக்கு அழல."

"சொல்லுங்க அத்தை."

"எம்புள்ள எனக்கு மாசாமாசம் பணம் அனுப்புதான். நீங்க இவளக் கெட்டுனா அது நின்னு போவும். நிப்பாட்டுனது நீங்க. அப்ப அந்தப் பணத்த நீங்கதான் தரணும். சோத்தோட சேத்து இல்ல, தனியா. ஒண்ணாந்தேதி எங்கையில வைக்கணும். என்ன செலவுன்னு கேக்கப்புடாது. இரக்கப்பட்டுத் தாரதா இருந்தா வேண்டாம். எனக்கு உண்டானது, நான் வாங்குதேன். சம்மதம்னா மாலைய மாத்திக்கிடுங்க."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். என்ன திமிர் என்று நினைத்தேன். அடுத்த நிமிஷம் சிரிப்பு வந்து முந்தானையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டேன். தாதாவின் பேச்சை ஒருநாளும் கேட்டிராதவள், கேட்டாலும் ஒரு வார்த்தை புரியாதவள். டிராஃப்ட்ஸ்மேன் எழுந்து நின்று, "சம்மதம் அத்தை" என்றார். ஏதோ கோர்ட்டில் நிற்கிற மாதிரி.

பதிவுத் திருமணம்தான். சாட்சிக் கையெழுத்து தாதா. பணத்தை நிறுத்தச் சொல்லி நானே கடிதம் டைப் அடித்துத் தபாலில் போட்டேன். அத்தையின் நிபந்தனையைத் தாதாவிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்து, "உன் மாமியாரை நான் தில்லிக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும்" என்றார்.

டிராஃப்ட்ஸ்மேன் சொன்ன சொல் காப்பாற்றினார். ஒண்ணாம் தேதி ஆபீசிலிருந்து வந்ததும் காலைக் கழுவிவிட்டு நேரே அத்தையிடம்தான் போவார். அவளும் வழக்கம்போல அதைப் பிள்ளை படத்தின் கீழே வைத்து, டப்பாவில் போட்டு, கடைத்தெருவுக்குப் போய் 'பேஷி, பேஷி' என்று சண்டை போட்டு, குழம்பில் உப்பில்லை என்று என்னை ஏசினாள். நான்கைந்து வருஷம் இப்படியே ஓடியது. அப்பாடா என்று இருந்தது. நான் நிம்மதியாக இருந்தேன் என்று சொன்னால் என்னைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள், ஆனால் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தேன்.

எண்பதுகளில் தாதா மறுபடி ஜெயித்தார். பழையபடி சனிக்கிழமை ஓட்டம். மெட்ரோவுக்காகச் சாலையெல்லாம் தோண்டிப் போட்டிருந்தார்கள், அந்தப் பள்ளங்களின் ஓரமாக நடந்துகொண்டே டிக்டேஷன். சின்னப் பட்டறைகளில் வேலை செய்கிறவர்களுக்கு ஆஸ்பத்திரிக் காப்பீடு, பிரசவ விடுப்புச் சம்பளம், எந்தக் கணக்கிலும் வராத கூலிப் பெண்களுக்குக் கொஞ்சம் ஏதாவது என்று ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு வந்தார். சிலது நடந்தது. தாய் தகப்பன் விஷயத்தை மட்டும் கடைசிவரை அசைக்க முடியவில்லை. அவர் இருந்தவரை அது வரவில்லை.

அந்தக் காலத்தில்தான் டிராஃப்ட்ஸ்மேனின் கம்பெனிக் கதவில் ஒருநாள் காலையில் பூட்டுத் தொங்கியது. லாக்‌அவுட். கல்கத்தாவில் அது ஒன்றும் அதிசயம் இல்லை, ஊரில் பாதிக் கதவு அப்படித்தான் கிடந்தது. தாதா வந்து வாசலில் கூட்டம் போட்டுப் பேசினார். பூட்டு திறக்கவில்லை. வந்த கடைசிச் சம்பளம் மளிகைக்கும் வாடகைக்கும் போய்விட்டது. ஒண்ணாம் தேதி நெருங்க நெருங்க டிராஃப்ட்ஸ்மேன் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடக்க ஆரம்பித்தார்.

"என் சம்பளத்துலேர்ந்து எடுத்துக் கொடுத்துடுங்க. அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"நவம்பர்ல தாதா முன்னாடி பொய் சொல்ல மாட்டேன்னு என்னை அத்தனை நாள் அலைய விட்டவ நீ. இப்ப அத்தைகிட்ட நான் மட்டும் சொல்லணுமா?"

ஒண்ணாம் தேதி காலை, எங்கேயும் போகாமலே காலைக் கழுவிக்கொண்டு அவர் அத்தை முன்னால் போய் நின்றார். கம்பெனி மூடியது அவளுக்கும் தெரியும். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அத்தை, இந்த மாசம் முடியல. கதவு திறந்ததும் சேத்துத் தந்துடறேன்."

"சரி தம்பி" என்றாள். குரலில் கோபமே இல்லை. "ஒங்களக் குத்தம் சொல்ல மாட்டேன். நீங்க நல்ல மனுசன், இருந்தா தராம இருப்பியளா." பிறகு யாரிடம் சொல்கிறாள் என்றே தெரியாமல் சொன்னாள். "எம்புள்ள செத்த பொறவு ஒரு மாசங்கூடத் தவறினதில்ல."

அப்புறம் அவள் அழ ஆரம்பித்தாள். பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அன்று அவள் அப்படி அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு என்னைத்தான் பார்த்துக்கொண்டாள். நான் நிறுத்தச் சொல்லி எழுதிய கடிதம் போனபோதும் அழவில்லை. இப்போது தரையில் விழுந்து, மாரில் அடித்துக்கொண்டு, என் ராசா போயிட்டியே என்று ஊர் பாணியில் வாய்விட்டு அழுதாள். மாஷிமா ஓடி வந்து, யார் தவறிப்போனது என்று என்னைக் கேட்டாள்.

என் கணவர் என்று சொன்னேன். அவள் டிராஃப்ட்ஸ்மேனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் புரியாமல் நின்றாள். நான் அத்தையின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.